வழக்கமான லிஸ்ட் வேணாம்: வித்தியாசமான படம், காமிக்ஸ், வீடியோ, பாட்டு சொல்லுங்க

ராக்கோழி:
ஆயுத பூஜை லீவு வருது, வீட்ல எல்லாரும் ஊருக்குப் போறாங்க, நான் மட்டும் தான். நல்லா உக்காந்து பாக்க, படிக்க, கேக்க ஏதாவது சொல்லுங்க மக்களே. ஒரே ஒரு வேண்டுகோள், கல்ட், அதாவது கொஞ்சம் பேர் மட்டும் வெறியா கொண்டாடற படைப்பு, எதுன்னு எங்க போய் கேட்டாலும் குணா, ஹே ராம், அன்பே சிவம், ஆரண்ய காண்டம்னு அதே லிஸ்ட் தான் வருது. எல்லாமே எனக்கு உயிர், ஆனா திரும்பத் திரும்ப பாத்தாச்சு. எந்த நாடா இருந்தாலும் ஓகே, எந்தக் காலமா இருந்தாலும் ஓகே. வெறும் பேர் மட்டும் போடாம ஏன் பாக்கணும்னு ரெண்டு வரி எழுதுங்க, பேர் மட்டும் குவிஞ்சா எதுல ஆரம்பிக்கறதுன்னே புரியாது.

கறுப்புவெள்ளை:
வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர்லயே ஒருத்தரை முழுசா பாத்துருங்க, வீணை எஸ்.பாலச்சந்தர். வீணை வித்வானாத்தான் பல பேருக்குத் தெரியும், குரு யாரும் இல்லாம தானே கத்துக்கிட்டு அந்த உயரத்துக்குப் போனவர். அதே மனுஷன் 1954ல ஏவிஎம்முக்காக அந்த நாள் எடுத்தாரு. படத்துல ஒரு பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. பாட்டு புஸ்தகம் வித்துக்கிட்டிருந்த காலத்துல இப்படி ஒரு படம், அதுவும் சிவாஜியை வச்சு! படம் ஆரம்பிச்ச உடனே துப்பாக்கி சத்தம், சிவாஜி செத்து விழறாரு. ஜப்பான்காரன் சென்னையில குண்டு போட்ட சமயம், யார் சுட்டதுன்னு ஒவ்வொருத்தரா அவங்கவங்க பக்கத்துக் கதையைச் சொல்றாங்க. திரைக்கதை எழுதின ஜாவர் சீதாராமனே விசாரணை அதிகாரியாவும் நடிச்சிருப்பாரு. இதுக்கு மேல சொன்னா படம் போயிரும்.

அடுத்து பொம்மை, 1964. ஒரு பொம்மைக்குள்ள வெடிகுண்டு, அது கை மாறி கை மாறி ஊரைச் சுத்துது. நீயும் பொம்மை நானும் பொம்மை பாட்டு இதுல தான், யேசுதாஸ் தமிழ்ல பாட ஆரம்பிச்சது இந்தப் படத்துல. அப்புறம் நடு இரவில், 1970. தனியா ஒரு பங்களா, உள்ள மாட்டிக்கிட்ட சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா சாவறாங்க. மூணையும் ராத்திரி லைட்டை அணைச்சிட்டு வரிசையா பாருங்க. ஒரு ஆளோட வேலையை வரிசையா பாக்கும்போது தான் அந்த ஆளுக்கு எது மேல வெறின்னு நமக்குப் பிடிபடும். இவருக்கு வெளிச்சமும் நிழலும், அப்புறம் சத்தம். இசைக்காரன் எடுத்த படங்கறதால எங்க அமைதியா விடணும்னு தெரிஞ்சு விட்டிருப்பாரு.

டீக்கடை பெஞ்ச்:
அந்த நாள் நல்ல படம் தான், ஆனா அது கல்ட்டா? அது கிளாசிக்ல வரும் தல. எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டா எப்படி.

கறுப்புவெள்ளை:
எந்த அலமாரியில வச்சா என்ன, இவர் இன்னும் பாக்கல, பாக்கணும், அவ்ளோதான் என் கணக்கு.

சிவகாசி தபால்:
நம்ம கேள்விக்கு நான் காமிக்ஸ் பக்கமிருந்து வரேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சிவகாசியில இருந்து வர்ற லயன், முத்து காமிக்ஸ் படிச்சவங்களுக்கு கௌபாய் ஹீரோ கேப்டன் டைகரைத் தெரியாம இருக்காது. தங்கக் கல்லறை, மின்னும் மரணம் எல்லாம் மனப்பாடமா சொல்ற ஆளுங்க இங்க இருக்காங்க. அந்தத் தொடரோட பிரெஞ்சுப் பேரு ப்ளூபெர்ரி, 1963ல பிலோட்ங்கற வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சது, எழுதினது ஷார்லியே, வரைஞ்சது ழான் ஜிரோ. ஆரம்பத்துல டைகர் முகம் ழான் பால் பெல்மோண்டோ மாதிரியே இருக்கும், வேணும்னே அப்படித்தான் வரைஞ்சாரு. போகப்போக மூக்கு உடைஞ்சு தாடி வளந்து அழுக்காகி அந்த முகம் வேற ஆளாவே மாறும். ஹீரோ கசங்கிக்கிட்டே போற கௌபாய் கதை அன்னைக்கு ரொம்ப அபூர்வம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த ஜிரோவுக்கு இன்னொரு பேர் இருக்கு, மோபியஸ். கௌபாய் கதைக்கு ஜிர்னு கையெழுத்துப் போட்டவரு, தன் சொந்தக் கனவை வரையும்போது மோபியஸ்னு போட்டாரு. 70கள் நடுவுல நண்பர்களோட சேந்து மெத்தால் ஊர்லான்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு, அதுல வந்தது ஆர்சாக். ஒரு வார்த்தை கிடையாது. தோல் இறக்கை வச்ச ஒரு பறவை மேல ஒருத்தன் உக்காந்து பாலைவனத்து மேல பறக்கறான், அவ்ளோதான் கதை. பாஷை தெரியலங்கற கவலையே இல்ல, யார் வேணா படிக்கலாம். டைகர்ல பாத்த அதே பாறை, அதே பள்ளத்தாக்கு, ஆனா வேற ஏதோ கிரகம். டைகர் படிச்ச கண்ணோட ஆர்சாக் பாத்தா அந்தப் பாறைக் கோடு உடனே அடையாளம் தெரியும், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு.

அதுல இருந்து ஒரு நூலைப் பிடிச்சிக்கிட்டே போங்க. டான் ஓபானன் எழுதி மோபியஸ் வரைஞ்ச தி லாங் டுமாரோன்னு ஒரு சின்ன துப்பறியும் கதை, அடுக்கடுக்கா கீழ இறங்கிக்கிட்டே போற நகரம். ப்ளேட் ரன்னர் படத்து நகரத்துக்கு அது ஒரு முக்கியமான தூண்டுதல். அதே ஓபானன் தான் 1979ல வந்த ஏலியன்ங்கற ஹாலிவுட் படத்துக்கு திரைக்கதை. ஏலியன்ல விண்வெளி உடை டிசைன்ல மோபியஸ் கை இருக்கு. அப்புறம் டிரான் படத்துலயும், 1982. சிவகாசியில அச்சடிச்ச ஒரு கௌபாய் புஸ்தகத்துல ஆரம்பிச்சு ஏலியன் வரைக்கும் ஒரே கையைப் பிடிச்சிக்கிட்டு போயிரலாம், இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

ராக்கோழி:
யோவ் என்னங்க இது, டைகர் வரைஞ்சவரா ஏலியன்ல வேலை செஞ்சாரு? எங்க மாமா கிட்ட ஒரு பெட்டி நிறைய பழைய கறுப்பு வெள்ளை டைகர் கிடக்கு. எதுல ஆரம்பிக்கலாம்?

சிவகாசி தபால்:
தங்கக் கல்லறை. கிடைச்சா கலர் மறுபதிப்பைப் பிடிங்க, அந்தப் பாலைவனத்து மஞ்சளும் சிவப்பும் கறுப்பு வெள்ளையில வராது. இருந்தாலும் அந்தப் பழைய பேப்பர்ல கோடு இன்னும் துல்லியமா தெரியற பக்கங்களும் உண்டு, மாமா பெட்டியை விட்ராதீங்க. மின்னும் மரணம் முழுசா ஒரே தொகுப்பா 2015ல வந்துச்சு, அது பெரிய குண்டு புக், அதை ரெண்டாவதா வச்சுக்கோங்க.

நள்ளிரவு காட்சி:
தபால் அண்ணன் பாதி வழியில நிறுத்திட்டாரு, மீதியை நான் சொல்றேன். மோபியஸை சினிமாவுக்கு இழுத்துட்டுப் போனது அலெஹாந்த்ரோ ஹொடரோவ்ஸ்கி. சிலியில பிறந்தவர், மெக்சிகோவுல படம் எடுத்தவர். 1970ல எல் டோபோன்னு ஒரு படம், கறுப்பு உடை போட்ட துப்பாக்கிக்காரன், பாலைவனம், ஞானம் தேடறது, ரத்தம் எல்லாம் கலந்து கிடக்கும். நியூயார்க்ல எல்ஜின் தியேட்டர்ல நள்ளிரவு காட்சியா மட்டும் போட்டாங்க, விளம்பரமே கிடையாது, வாய் வழியா பரவி மாசக்கணக்கா ஓடுச்சு. நள்ளிரவுப் படம்ங்கற பழக்கத்துக்கே அது தான் பெரிய ஆரம்பம். ஜான் லெனன் பாத்து சொக்கிப் போனாரு, அவரோட மேனேஜர் ஆலன் க்ளைன் மூலமா பணம் வந்து 1973ல தி ஹோலி மவுண்டன் எடுத்தாரு.

அதுக்கப்புறம் தான் பெரிய கதை. டியூன்ங்கற விண்வெளி நாவலைப் படமா எடுக்கறேன்னு கிளம்புனாரு. மோபியஸ் உக்காந்து மூவாயிரம் படம் கிட்ட ஸ்டோரிபோர்டு வரைஞ்சாரு. ஓவியர்கள் கிகர், கிறிஸ் ஃபாஸ், அப்புறம் ஓபானன் எல்லாரையும் ஒண்ணா சேத்தாரு. சால்வடார் டாலி, ஆர்சன் வெல்ஸ், மிக் ஜாகர் நடிக்கறதா பேச்சு, பிங்க் ஃப்ளாய்ட், மக்மா பேண்டுகளோட இசை. ஹாலிவுட்ல யாரும் பணம் போடல, படம் நின்னுச்சு. ஆனா அந்தக் கூட்டம் கலையல, கிகரும் ஃபாஸும் மோபியஸும் ஓபானனும் அப்படியே ஏலியனுக்குப் போனாங்க. 2013ல இதைப் பத்தி ஹொடரோவ்ஸ்கிஸ் டியூன்னு ஒரு டாக்குமெண்டரி வந்துச்சு, லீவுல முதல்ல அதைப் பாருங்க. எண்பது தாண்டின ஒரு மனுஷன் எடுக்காத படத்தைப் பத்தி இவ்ளோ வெறியோட பேசறதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

எடுக்காத படத்துக்கு யோசிச்சதெல்லாம் வீணாப் போகல, ஹொடரோவ்ஸ்கி எழுத மோபியஸ் வரைய 1980ல இருந்து தி இன்கால்னு காமிக்ஸா வந்துச்சு.

கயல்:
ஹொடரோவ்ஸ்கியை ரெக்கமண்ட் பண்ணும்போது ஒண்ணு சேத்துச் சொல்லணும். எல் டோபோவுல வர்ற பலாத்காரக் காட்சி நிஜமாவே நடந்ததுன்னு 70கள்ல அவரே பெருமையா சொன்னாரு, பிறகு அது விளம்பரத்துக்காகப் பேசினது, அப்படி நடக்கலன்னு மறுத்தாரு. 2019ல நியூயார்க்ல எல் மியூசியோ டெல் பாரியோங்கற மியூசியம் அவரோட கண்காட்சியை இதுக்காகவே ரத்து பண்ணிச்சு. அவர் சொன்ன ரெண்டுல எது உண்மையா இருந்தாலும், ஒரு நடிகைக்கு நடந்த கொடுமையை போஸ்டர் மாதிரி ஒட்டினது அசிங்கம். கல்ட்னு சொன்ன உடனே டைரக்டரை சாமியாக்கி கற்பூரம் காட்டற பழக்கம் நம்ம கிட்ட ரொம்ப இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாக்கறதா வேண்டாமான்னு அவங்கவங்க முடிவு பண்ணட்டும், மறைச்சு வச்சுட்டு சிபாரிசு பண்ணாதீங்க.

நள்ளிரவு காட்சி:
நியாயம் கயல். அதை விட்டுட்டு எழுதியிருக்கக் கூடாது தான். ராக்கோழி, அந்த டாக்குமெண்டரியும் இன்காலும் போதும், எல் டோபோ உங்க விருப்பம்.

கயல்:
சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போக மாட்டேன், என் பங்கு இது. மோபியஸ் தான் வேணும்னா அவர் டிசைன் பண்ணின கார்ட்டூன் படம் ஒண்ணு இருக்கு, டைம் மாஸ்டர்ஸ், 1982, எடுத்தது ரெனே லலூ. தனியா ஒரு கிரகத்துல மாட்டிக்கிட்ட சின்னப் பையன், கையில பேசற ஒரு கருவி மட்டும், அதுல கேக்கற குரல்களை நம்பி இருக்கான். லலூவோட முந்தின படம் ஃபென்டாஸ்டிக் ப்ளானெட், 1973, அதுல நீல நிற ராட்சசங்க மனுஷங்களை நாய்க்குட்டி மாதிரி வளப்பாங்க. அது இன்னும் பெரிய படம். ஓவியம் ரோலாண்ட் டோபோர். இசையும் அவ்ளோ நல்லா இருக்கும், தனியாவே கேக்கலாம்.

அப்புறம் சின்ன வீடியோ ரெண்டு. ரஷ்யாக்காரர் யூரி நார்ஷ்டெயினோட ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக், 1975, பத்து நிமிஷம். ஒரு முள்ளெலி தன் கூட்டாளி கரடியோட உக்காந்து நட்சத்திரம் எண்ணப் போற வழியில பனிமூட்டத்துல தொலைஞ்சு போகுது. அந்தப் பனியை மெல்லிசு பேப்பரை காட்சிக்கு மேல வச்சு கேமராவை நோக்கி கொஞ்சம் கொஞ்சமா தூக்கி உண்டாக்கினாங்க, கம்ப்யூட்டர் கிடையாது ஒண்ணும் கிடையாது. வயிறு வரைக்கும் பயமும் வரும் அழகும் வரும். இன்னொண்ணு பிரான்ஸ்ல கிறிஸ் மார்க்கரோட லா ஜெத்தே, 1962, அரை மணி நேரத்துக்கும் கம்மி. கிட்டத்தட்ட முழுக்க அசையாத போட்டோ தான், கூட ஒரு குரல். ட்வெல்வ் மங்கீஸ் படம் பாத்தவங்க இதைப் பாத்தா அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும். போனை தூர வச்சுட்டு பாருங்க ப்ளீஸ்.

டீக்கடை பெஞ்ச்:
எல்லாரும் பிரெஞ்சு பிரெஞ்சுன்னு போறீங்க. எனக்கு சின்ன வயசுல உயிர் இரும்புக்கை மாயாவி. 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே அவனை வச்சுத்தான். இன்னைக்கு எடுத்துப் படிச்சாலும் பரபரப்பு கொறையல, இதெல்லாம் சின்னப் பசங்க கதைன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் தான் வருது.

சிவகாசி தபால்:
பெஞ்ச் அண்ணே நூத்துக்கு நூறு. மாயாவி பிரிட்டன்ல வேலியன்ட் பத்திரிகையில 1962ல ஆரம்பிச்சது, வரைஞ்சவரு ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கரன்ட் உடம்புல பாஞ்சா ஆள் மறைஞ்சுடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும். ஆரம்பக் கதைகள்ல அவன் நல்லவனே இல்ல, கொள்ளை அடிக்கறவன், அந்தப் பகுதி தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிளாஸ்கோவோட நிழலைப் பாருங்க, கறுப்புவெள்ளை அண்ணன் சொன்ன பாலச்சந்தர் பட வெளிச்சம் மாதிரியே முகத்துல பாதி இருட்டு.

பிரிட்டிஷ் காமிக்ஸ்ல வர்ற ஸ்பைடரையும் விட்ராதீங்க, கூர்மண்டையன். உலகத்துக்கே குற்றச் சக்கரவர்த்தி ஆகணும்னு கிளம்பினவன். ஆரம்பிச்சு வச்சது டெட் கோவன், பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். 1938ல 130 டாலருக்கு சூப்பர்மேன் உரிமையை வித்துட்டு காலம் பூரா அதுக்காகப் போராடின மனுஷன், அவரோட பேனா இங்கிலாந்து வழியா நம்ம ஊர் பெட்டிக்கடைக்கு வந்து தொங்கியிருக்கு! நமக்கு அப்ப அது தெரியாது, புஸ்தகத்துல எழுத்தாளர் பேரே இருக்காது. அந்தக் காலத்து வார இதழ்கள்ல பல பேரோட பேர் அச்சாகவே இல்ல, அது அநியாயம். அதனால தான் நான் யார் வரைஞ்சது யார் எழுதினதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தேடிக்கிட்டே இருக்கேன்.

ஹொடரோவ்ஸ்கி எழுதின பௌன்சர் கூட தமிழ்ல வந்திருக்கு, ஒத்தக் கை ஆள், சலூன் காவல்காரன், வரைஞ்சது ஃபிரான்சுவா பூக். வன்முறை ரொம்ப அதிகம், பசங்க கையில குடுக்காதீங்க. பனிக்குள்ளயும் பாலைவனத்துலயும் பூக் வரையற அகலமான காட்சிகளுக்காக நான் வச்சிருக்கேன்.

வடமராட்சி:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட பக்கத்தில இருந்து ஒண்டு சொல்லுறன், பொன்மணி எண்டு ஒரு படம், 70களின்ர கடைசி. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்கள சினிமாவில பெரிய பேர் எடுத்த இயக்குநர், யாழ் பல்கலைக்கழகத்தில விரிவுரையாளரா இருந்த காலத்தில தமிழில எடுத்த படம். சீதனம், சாதி, கலியாணம் ஆகாமல் வீட்டில நிக்கிற பெட்டையள், இதுதான் விஷயம். இந்தியப் படங்கள் பாத்துப் பழகின சனத்துக்கு அப்ப பிடிக்கேல்லை, ஓடேல்லை. ஆனா அந்த வீடுகள், வேலியள், கதைக்கிற விதம் எல்லாம் எங்கட. போருக்கு முந்தின யாழ்ப்பாணத்தைப் படத்தில பாக்கக் கிடைக்கிறது எங்களுக்குப் பெரிய விஷயம். பத்திராஜ 2018ல காலமாகிட்டார். பிரதி நல்லா இல்லை, எண்டாலும் கட்டாயம் பாருங்கோ.

ராக்கோழி:
இது சத்தியமா கேள்விப்பட்டதே இல்ல, நன்றி அண்ணா. லிஸ்ட்ல மேல போட்டுட்டேன். பாட்டு யாருமே சொல்லலையே?

ரெக்கார்டு ப்ளேயர்:
வந்துட்டேன். முதல்ல சரண்ஜித் சிங். பம்பாய்ல இந்திப் பட ரெக்கார்டிங்குல வாசிச்சுக்கிட்டிருந்தவர். 1982ல சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்னு ஒரு எல்பி ரெக்கார்டு போட்டாரு. ரோலண்ட்காரன் புதுசா இறக்கின டிபி 303, டிஆர் 808, ஜூபிடர் 8ங்கற மூணு எலக்ட்ரானிக் இசைக் கருவியையும் வச்சுக்கிட்டு பைரவ், லலித், பூபாளினு ராகம் வாசிச்சிருக்காரு. அப்ப விக்கல. அஞ்சு வருஷம் கழிச்சு சிகாகோவுல அதே டிபி 303யை வச்சு ஆசிட் ஹவுஸ்னு ஒரு இசை கிளம்புது, இந்த எல்பியைக் கேட்டா அந்த சத்தம் அப்படியே இதுல இருக்கு. அவங்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவங்களைத் தெரியாது. 2010ல மறுபடி வெளியிட்ட பிறகு தான் உலகமே திரும்பிப் பாத்துச்சு, வயசான காலத்துல வெளிநாட்டு மேடையில போய் வாசிச்சாரு, 2015ல இறந்துட்டாரு. ராத்திரி வண்டியில போகும்போது ஹெட்போன்ல வேணாம், வீட்ல ஸ்பீக்கர்ல கேளுங்க, அந்த பேஸ் சுவத்துல மோதணும்.

நம்ம ராஜா சார் ஹௌ டு நேம் இட், 1986. இதை வித்தியாசமானதுன்னு சொல்ல வேண்டியிருக்கே, சினிமா பாட்டு எல்லாம் தெரிஞ்ச எத்தனை பேர் இதை முழுசா கேட்டிருக்காங்க? தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவருக்கும் சமர்ப்பணம் பண்ணின ஆல்பம், வி.எஸ்.நரசிம்மன் வயலின். ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

நள்ளிரவு காட்சி சொன்ன மக்மாவும் கேளுங்க, டியூனுக்கு வாசிக்க இருந்த பிரெஞ்சு பேண்டு. டிரம்மர் கிறிஸ்டியன் வாண்டர் பாடறதுக்காகவே கோபாயன்னு ஒரு பாஷையை உருவாக்கினாரு. முதல் தடவை கேட்டா ஏதோ கோயில் திருவிழாவும் ராணுவ அணிவகுப்பும் ஒண்ணா வர்ற மாதிரி இருக்கும், கொஞ்சம் நேரம் குடுங்க, பிடிச்சா விடாது.

டீக்கடை பெஞ்ச்:
மக்மா இப்பத்தான் கேட்டுட்டு வரேன். பாதியில நிறுத்திட்டேன். இதுக்கு பேரு பாட்டா? சரண்ஜித் சிங் சூப்பர், அதுல மாற்றுக் கருத்தே இல்ல, லலித்தை திரும்பத் திரும்பப் போட்டுட்டு இருக்கேன்.

கறுப்புவெள்ளை:
இன்னும் ரெண்டு மட்டும் சேத்துட்டுப் போறேன். ஜான் ஆபிரகாமோட அக்ரகாரத்தில் கழுதை, 1977. ஒரு பேராசிரியர் அனாதையான கழுதைக்குட்டியை அக்ரகாரத்து வீட்ல வச்சு வளக்கறாரு, அதுல இருந்து கிளம்பற பிரச்சினை. பேராசிரியரா நடிச்சது இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன், கதை வெங்கட் சாமிநாதன். சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வாங்கியும் ஊர்ல பாத்தவங்க ரொம்பக் கம்மி. இன்னொண்ணு இந்தியில, கமல் ஸ்வரூப்போட ஓம் தர் பதர், 1988ல எடுத்தது, தியேட்டருக்கு வந்தது 2014ல. தவளை, ஜோசியம், நிலாவுல காலடி, எல்லாம் ஒரு பையன் தலைக்குள்ள ஓடற மாதிரி ஓடும். கதையைத் துரத்தாதீங்க, கிடைக்காது.

ராக்கோழி:
முடிவு பண்ணிட்டேன். மாமா வீட்டுக்குப் போய் பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன், தங்கக் கல்லறை இருக்கு, அட்டை மட்டும் இல்ல. ராத்திரி அந்த நாள். கயல், ஒரு கேள்வி, அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு, அடுத்த வாரம் வரும், டைம் மாஸ்டர்ஸ் அவளுக்குப் போட்டுக் காட்டலாமா?

கயல்:
முள்ளெலி வீடியோவை போட்டுக் காட்டுங்க, தாராளமா. டைம் மாஸ்டர்ஸ்ல அப்பா சாவறது ஆரம்பத்துலயே வரும், முடிவும் கனம், நீங்க முதல்ல தனியா பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஃபென்டாஸ்டிக் ப்ளானெட் இப்ப வேண்டவே வேண்டாம், அவ பெரியவளாகட்டும்.